பட்டறையில் கற்பிக்கும் முறை

தமிழ்நாட்டிலுள்ள 71 சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களை டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியாருடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கும் திட்டத்தை மாநில சர்க்கார் மேற்கொண்டதும், 2023-ம் வருஷத்தில் அவற்றின் புதிய கூடங்கள் திறந்து வைக்கப்பட்டதும் நமது நேயர்கள் அறிந்த விஷயங்களே. கம்ப்யூட்டர் ஏவலில் ஓடும் கடைசல் யந்திரங்களும், ரோபோக் கரங்களும், பெரிய தொழிற்சாலைகளில் மட்டுமே காணக்கூடியதாயிருந்த பிற சாதனங்களும் ஏழைக் குடியானவன் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கின்றன. இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் யந்திரத்தைப் பணங்கொடுத்து வாங்கிவிடலாம்; அதை ஓட்டும் கைத்திறமையை அவ்விதம் வாங்க இயலாது. அத்திறமையை மாணாக்கனின் கையில் ஏற்றுவதற்கு நாம் கையாளும் முறை எது? அந்த முறை சரியானதுதானா? இவ்விரண்டு கேள்விகளும் செலவுக் கணக்கைப் பற்றி நடக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்கு கவனத்தையேனும் பெற்றதாக நமக்குத் தெரியவில்லை.

விஷயம் அற்பமானதன்று. 1950-ல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இன்று இந்தியா முழுவதும் 14,000-க்கு மேற்பட்ட தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. எட்டாவது அல்லது பத்தாவது வகுப்புத் தேறிய பையன் தன் வாலிபத்தில் ஒரு வருஷத்தையோ இரண்டு வருஷத்தையோ இங்கே கொடுக்கிறான். அவன் தகப்பன் தன் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறான். முடிவில் கையில் சர்டிபிகேட் இருந்து, கை மட்டும் பழகாமல் வெளியே வருவானேயானால், அது அந்தக் குடும்பத்துக்கு இழைக்கப்பட்ட வஞ்சனையாகும். வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி சொல்லுகிறார். படித்தும் வேலை கிடைக்கவில்லை என்று வாலிபன் சொல்லுகிறான். இரண்டு புகார்களும் ஒரே நோயின் இரண்டு குறிகள் என்பது நமது அபிப்பிராயம்.

கைத்தொழிலைக் கற்பிக்க உலகம் கண்ட முறைகள் சிலவே. அவற்றில் மிகவும் பழமையானது ஆசானருகில் நின்று கற்கும் முறை. நமது கொல்லரும் தச்சரும் கன்னாரும் சிற்பிகளும் இம்முறையிலேயே கற்றார்கள். கோயமுத்தூரிலும் அம்பத்தூரிலும் உள்ள சிறு பட்டறைகளில் இன்றைக்கும் எத்தனையோ பேர் இவ்விதமே கற்கிறார்கள். இதன் பெருமை, மாணாக்கன் முதல் நாள் தொட்டு மெய்யான வேலையின் நடுவில் நிற்கிறான் என்பது. சாமான் பழுதானால் வாங்கியவன் திரும்பி வந்து சண்டையிடுவான் என்பதை அவன் கண்ணாரக் காண்கிறான். இதன் குறைகளும் பெரியவை. முதல் வருஷம் பட்டறையைக் கூட்டுவதிலும் தேநீர் வாங்கி வருவதிலும் கழியும். இன்று என்ன வேலை வந்ததோ அதுவே இன்றைய பாடம், படிமுறை கிடையாது. ஆசான் தன் வித்தையின் நுணுக்கத்தைச் சில சமயம் மறைப்பான். பல சமயம் அதைச் சொல்லத் தெரியாதவனாயிருப்பான். இவை எல்லாவற்றிலும் பெரிய குறை, நமது நாட்டில் இது பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. வேறு குலத்துப் பையனுக்கு உலைக்களத்தின் வாசல் திறக்கவில்லை. அந்த வாசலை எல்லோருக்கும் திறந்தது பள்ளிக்கூடமே என்பதை நாம் ஒருபோதும் மறக்கலாகாது.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துக்குள்ளே பட்டறையை அமைக்கும் முறை. இதை ஒழுங்குபடுத்திய பெருமை ருஷ்யாவைச் சேர்ந்த விக்டர் டெல்லா-வாஸ் என்பவருக்கு உரியது. 1868-ல் மாஸ்கோ ராஜாங்கத் தொழில்நுட்பப் பள்ளியின் தலைவரான அவர், ஒவ்வொரு தொழிலையும் அதன் மூலக் கிரியைகளாகப் பிரித்தார். அராவுதல், கடைதல், காய்ச்சியடித்தல், பொருத்துதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் அப்பியாசங்களை வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு வகை வேலைக்கும் தனிக் கூடம். ஒவ்வொரு மாணாக்கனுக்கும் தனி இடமும் தனிக் கருவிகளும். ஓர் அப்பியாசம் தேறாதவன் அடுத்ததற்குப் போகக்கூடாது. ஓர் உபாத்தியாயர் பலருக்கு ஒரே காலத்தில் கற்பிக்கவும், அவர்களுடைய தேர்ச்சியை அளந்து மதிப்பிடவும் இதனால் முடிந்தது. 1876-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சியில் இந்த அப்பியாச மாதிரிகளைக் கண்ட மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையின் தலைவர் ஜான் ரங்கிள் உடனே அம்முறையைத் தம் கலாசாலையில் ஏற்கச் செய்தார். 1880-ல் ஸெயிண்ட் லூயி நகரத்தில் கால்வின் வுட்வர்டு இதே அடிப்படையில் கைப்பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அங்கிருந்து இம்முறை வெகுதூரம் பரவியது. நமது தொழிற்பயிற்சி நிலையத்துப் பிட்டர் மாணாக்கன் அறுத்தல், அராவுதல், குறியிடுதல், துளையிடுதல், மரையிடுதல் என்று வரிசையாகச் செய்யும் அப்பியாசங்களும் இந்தக் கொள்கையையே பின்பற்றியவை.

இங்கே நேயர்கள் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். மாஸ்கோ பள்ளியில் இருவகைப் பட்டறைகள் இருந்தன. ஒன்று போதனைப் பட்டறை. மற்றொன்று உற்பத்திப் பட்டறை. பின்னதில் கூலி பெறும் தொழிலாளர் வெளியார் கொடுத்த ஆர்டர்களுக்கு யந்திரங்களைச் செய்துகொடுத்தார்கள். போதனைப் பட்டறையில் தேறிய மாணாக்கர் அதன்பிறகு உற்பத்திப் பட்டறையில் இறங்கி மெய்யான வேலையில் பழகினார்கள். பொருட்காட்சியின் மேஜைமீது அடுக்கி வைக்கக்கூடியவையாயிருந்தவை அப்பியாசத் துண்டுகள் மட்டுமே. ஆகவே பார்த்தவர்கள் முறையின் முதற் பாதியை எடுத்துச் சென்றார்கள்; பிற்பாதி மாஸ்கோவிலேயே தங்கிவிட்டது. முதற் பாதியை முழுமையென்று எண்ணியதே அதன்பின் வந்த பல குறைகளுக்கு வேர்.

இக்குறையை வேறொரு பக்கத்திலிருந்து கண்டவர்கள் வடநாட்டு ஐரோப்பியர். பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் 1866-ல் கிராமப் பள்ளிகளில் கைவேலை கட்டாய பாடமாயிற்று. ஸ்வீடனில் நேஸ் என்ற ஊரில் ஆட்டோ சாலமன் உபாத்தியாயர்களைப் பயிற்றும் பள்ளியை நடத்தி, ‘ஸ்லாய்டு’ என்னும் இம்முறையைப் பல தேசங்களுக்கும் பரப்பினார். இதிலும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை உண்டு. ஆனால் பையன் செய்வது வெறுந் துண்டன்று. வீட்டில் பயன்படும் முழுப் பொருள். தான் செய்த அகப்பையைத் தாயார் அடுப்பண்டையில் உபயோகிப்பதைக் காணும் பையனுக்குக் கைவேலையில் பிறக்கும் மதிப்பு, அராவி எறிந்த நூறு இரும்புத் துண்டுகளால் பிறவாது. ஸ்லாய்டின் நோக்கம் பொதுக்கல்வியேயன்றித் தொழிலாளியை உண்டாக்குவதன்று. இருந்தாலும் அது தரும் பாடம் தொழிற்கல்விக்கும் பொருந்தும்.

மூன்றாவது பாடம் யுத்தகாலத்தில் பிறந்தது. முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கக் கப்பற்கட்டும் துறைகளுக்குக் கணக்கற்ற தொழிலாளர் விரைவில் தேவைப்பட்டனர். அப்பொழுது போதனையைக் கவனித்த சார்லஸ் ஆலன், தம் அனுபவத்தைக் கொண்டு 1919-ல் ஒரு நூல் வெளியிட்டார். கற்பவனைத் தயார் செய்தல், எடுத்துக்காட்டுதல், அவனையே செய்யவைத்தல், சோதித்தல் என நான்கு படிகளை அவர் வகுத்தார். இரண்டாவது மகாயுத்தத்தில் 1940 முதல் 1945 வரை அமெரிக்க சர்க்கார் தொழிற்சாலைகளில் நடத்திய பயிற்சி இயக்கம் இந்த நான்கு படிகளையே மேஸ்திரிகளுக்குக் கற்பித்தது. யுத்தத்துக்குப்பின் அது ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள தொழிற்சாலைகளில் வேரூன்றிற்று.

இதன் சாரம், வேலை தெரிந்தவன் எல்லாம் வேலை கற்பிக்கத் தெரிந்தவன் அல்லன் என்பது. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். அரத்தை முன்னுக்குத் தள்ளும்போது அழுத்த வேண்டும். பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தலாகாது. தள்ளத் தள்ள, முன்கையின் பாரம் குறைந்து பின்கையின் பாரம் கூடவேண்டும். இல்லாவிட்டால் அரம் ஆடி, துண்டின் ஓரங்கள் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். முப்பது வருஷம் அராவிய மேஸ்திரியின் கை இதைத் தானே செய்கிறது. ஆனால் அவர் வாய்க்கு இது தெரியாது. “என்னைப் பார், இப்படி” என்பதற்குமேல் அவர் சொல்லமாட்டார். அந்த ஒரு நுணுக்கத்தையும் அதன் காரணத்தையும் எடுத்துச் சொல்லி, மாணாக்கனைச் செய்யவைத்து, செய்துகொண்டே காரணத்தையும் அவன் வாயால் சொல்லவைத்தால், பல நாள் தடுமாற்றம் சில மணி நேரத்தில் தீரும்.

நான்காவது, ஜெர்மனியின் இரட்டை முறை. அங்கே வாலிபன் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வாரத்தில் மூன்று நான்கு நாள் அங்கே வேலை பழகுகிறான், ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடம் செல்கிறான், ஊதியமும் பெறுகிறான். பயிற்சிக் காலம் தொழிலுக்கேற்ப இரண்டு முதல் மூன்றரை வருஷம். 1900-ம் வருஷத்திலிருந்து மூனிக் நகரத்தில் கெர்ஷென்ஸ்டைனர் அமைத்த தொடர்கல்விப் பள்ளிகள் இதற்கு ஒரு மூலம். 1969-ம் வருஷத்துச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்திற்று. இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பரீட்சை நடத்துவது பயிற்றிய முதலாளியன்று. கைத்தொழில் வர்த்தக சங்கம். மற்றொன்று, தொழிற்சாலையில் பயிற்சி கொடுப்பவரும் கற்பிக்கும் தகுதியை நிரூபிக்க வேண்டுமென்று 1972-ல் விதி செய்யப்பட்டது. பெரிய தொழிற்சாலைகள் பையனை எடுத்தவுடன் உற்பத்தியில் இறக்குவதில்லை. தனிப் போதனைப் பட்டறையில் அடிப்படை வேலைகளைப் பழக்கிய பிறகே இறக்குகின்றன. மாஸ்கோவின் இரண்டு பாதிகளும் இங்கே ஒன்று சேர்ந்திருக்கக் காண்கிறோம்.

நமது நாட்டில் இவ்விரண்டு பாதிகளும் பிரிந்து போனதற்கு அந்நிய ஆட்சியும் ஒரு காரணம். கிண்டி என்ஜினீயரிங் கலாசாலையில் ஆசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். நமது உலோகத் தொழிலாளர் புது உலோகத்தில் பழகினார்கள், பாத்திரங்கள் விலைபோயின, சில வருஷங்களில் அது தனிக் கம்பெனியாகவும் வளர்ந்தது. பயிற்சியும் உற்பத்தியும் ஒரே கூரையின் கீழ் நடக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுவதில்லை. ஆனால் இவ்வகை முயற்சிகளைச் சென்னை சர்க்கார் விரிவாக்க எண்ணியபோது வெள்ளைக்கார வர்த்தகர் ஆக்ஷேபித்தனர். இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910-ல், சர்க்கார் தொழிற்போதனையோடு நிற்கவேண்டும், வியாபார ரீதியில் தொழில் நடத்தலாகாது என்று உத்தரவிட்டார். போதனை வேறு, உற்பத்தி வேறு என்ற வேலியை லண்டனிலிருந்து போட்டார்கள். போட்டவர்கள் போய் வெகுகாலமாயிற்று. வேலி மட்டும் நமது மனத்தில் இன்னும் நிற்கிறது.

1937-ல் வார்தாவில் மகாத்மா காந்தி கூட்டிய கல்வி மகாநாடு இந்த வேலியைப் பிடுங்கி எறிய முயன்றது. கைத்தொழிலின் மூலமாகவே கல்வி, அதில் உற்பத்தியாகும் பொருளால் பள்ளிக்கு வருவாய் என்பது அதன் கொள்கை. கோயமுத்தூரில் 1926-ல் தோன்றிய பி. எஸ். ஜி. தொழிற்சாலையும், 1951-ல் அதன் அருகிலேயே அமைந்த தொழில்நுட்பக் கல்லூரியும் அதே எண்ணத்துக்கு வேறு வழியில் உருவம் கொடுத்தன. ஆகவே நாம் அந்நிய நாட்டு முறையை இரவல் வாங்க வேண்டிய அவசியமில்லை. நமக்கு முன்னிருந்தவர்கள் தொடங்கியதைத் தொடர்ந்தால் போதும்.

இப்பொழுது நமது நிலையங்களின் உள்ளே பார்ப்போம். பையன் மாதக்கணக்காக அராவுகிறான். ஆண்-பெண் பொருத்துத் துண்டுகளைச் செய்து காட்டி மார்க்கு வாங்குகிறான். துண்டு காயலான் கடைக்குப் போகிறது. அவன் அளவு தப்பினால் எந்த யந்திரமும் நிற்பதில்லை, எவரும் கேட்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இரும்பில் செய்தாலும் ஏட்டுச் சுரைக்காய் ஏட்டுச் சுரைக்காயே.

ஒரே கிரியையைத் தொடர்ந்து திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடாதா என்று கேட்கலாம். 1979-ல் ஷீ, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் கை அசைவுகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். ஒரு வேலையை முடித்து அடுத்ததென்று தொடர்ச்சியாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது விரைவாகச் செய்தார்கள். மாற்றி மாற்றிப் பழகியவர்கள் பயிற்சியில் தடுமாறினார்கள். ஆனால் பிறகு சோதித்தபோது, மாற்றி மாற்றிப் பழகியவர்களிடமே வேலை நன்றாகத் தங்கியிருந்தது. சோதனைச்சாலையில் கண்டதை அப்படியே பட்டறைக்குப் பொருத்திவிடக்கூடாது. முற்றிலும் புதியவனுக்கு முதலில் ஒன்றையே பழக்குவது அவசியந்தான். எனினும் பயிற்சி நேரத்தில் தோன்றும் வேகத்தைத் தேர்ச்சியென்று எண்ணி ஏமாறலாகாது என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது. மெய்யான வேலையில் அராவுதலும் துளையிடுதலும் அளத்தலும் கலந்தே வரும். கலந்து பழகியவனே கலங்காமல் நிற்பான்.

நமது வக்கீல் தொழிலை எடுத்துக்கொள்வோம். சட்டக் கலாசாலையில் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் படித்துத் தேறியவன் மறுநாளே குறுக்கு விசாரணை செய்துவிடுவானா? ஒரு சீனியரின் அறையில் உட்கார்ந்து, பிராது எழுதி, அவர் அதைச் சிவப்பு மையால் அடித்துத் தள்ள, மறுபடி எழுதி, கட்சிக்காரனின் கண்ணீரையும் நீதிபதியின் கோபத்தையும் பார்த்த பிறகே அவன் வக்கீலாகிறான். ஆனால் சட்டம் படியாமல் அந்த அறையில் மட்டும் உட்கார்ந்திருந்தவன் குமாஸ்தாவாகவே நிற்பான். இரண்டும் வேண்டும், வரிசையும் வேண்டும். கறுப்பு அங்கி அணிவோருக்கு நாம் ஒப்புக்கொண்ட நியாயத்தை நீலச் சட்டை அணிவோருக்கு மறுப்பானேன்?

மாணாக்கரை உற்பத்தியில் இறக்கினால் அவர்கள் சம்பளமில்லாக் கூலிகளாகிவிடுவார்கள் என்பது ஓர் ஆக்ஷேபம். வார்தாத் திட்டத்தையும் இவ்வாறே கண்டித்தார்கள். இந்தப் பயம் வீண் பயமன்று. பயிற்சியாளன் என்ற பெயரில் பையனை ஒரே யந்திரத்தடியில் வருஷக்கணக்காக நிறுத்தி வேலை வாங்குவதை நாம் ஒருபோதும் ஆதரியோம். அதற்குப் பரிகாரம் உற்பத்தியை விலக்குவதன்று, விதியை உறுதியாக்குவது. 1961-ம் வருஷத்துப் பயிற்சியாளர் சட்டமே அடிப்படைப் பயிற்சி என்றும் வேலைத்தலப் பயிற்சி என்றும் இரண்டையும் குறிப்பிடுகிறது. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தம் ஆட்தொகையில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பயிற்சியாளரை எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது 2019-ல் திருத்தப்பட்ட விதி. சட்டம் இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையத்தின் பாடத்தையும் தொழிற்சாலையின் வேலையையும் ஒரே சங்கிலியாகக் கோக்கும் கைதான் இல்லை.

யந்திரமும் கம்ப்யூட்டருமே இனிக் கற்பித்துவிடும் என்பார் சிலர். பற்றவைக்கும் வேலையைத் திரையில் பழக்கும் பொறிகள் வந்திருக்கின்றன. கம்பியையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்திக் கையின் கோணத்தையும் வேகத்தையும் பழக்க அவை மிகவும் உபயோகமானவை. ஆனால் உருகிய உலோகத்தின் சூடும் புகையும் திரையில் வாரா. முதற்படியாக அவற்றை வைத்துக்கொள்ளலாம். முடிவான படியாக வைத்துக்கொள்ளலாகாது.

ஆகவே நாம் சொல்லும் யோசனைகள் இவை. முதலாவது, டெல்லா-வாஸின் வரிசையை விட்டுவிட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தொகுதி அப்பியாசமும் உபயோகமான பொருளொன்றில் முடியட்டும். பிட்டர் மாணாக்கன் தன் சுத்தியலையும் மூலைமட்டத்தையும் இறுக்குப்பிடியையும் தானே செய்து, வெளியேறும்போது தன் கருவிப் பெட்டியோடு வெளியேறட்டும். இரண்டாவது, அடிப்படை தேறியபின் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் உற்பத்திக் கூடம் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள், ஆஸ்பத்திரிக் கட்டில்கள், ஊராட்சியின் பம்புகள் ஆகியவற்றின் பழுது பார்ப்பே அதற்குப் போதிய வேலை தரும். வருவாயில் மாணாக்கனுக்குப் பங்கு கொடுத்து, கணக்கைச் சுவரில் ஒட்டவேண்டும். மூன்றாவது, கடைசி ஆறு மாதம் தொழிற்சாலையில் கழியட்டும். சிறு பட்டறைகள் பல சேர்ந்து ஒரு மாணாக்கனை முறைவைத்துப் பழக்கலாம். எந்த வேலையைப் பழகினான் என்பதைக் குறிக்கும் தினக்குறிப்பில் மேஸ்திரி கையெழுத்திட வேண்டும். நான்காவது, பரீட்சையில் மாணாக்கன் முன்பின் பாராத வரைபடமொன்றையும், கோளாறுள்ள யந்திரமொன்றையும் கொடுத்து, வேற்றூர்ப் பரீட்சகர் முன்னிலையில் செய்யச் சொல்ல வேண்டும். விடையைக் குறியிட்டுக் காட்டும் தாள் இதற்கு ஈடாகாது.

ஐந்தாவதே பிரதானமானது. போதகரைக் கவனியுங்கள்! கற்பிக்கும் கலையில் அவருக்குப் பயிற்சி கொடுப்பதோடு, சில வருஷங்களுக்கு ஒருமுறை தொழிற்சாலைக்கு அனுப்பிப் புது வேலைகளைக் கற்று வரச் செய்ய வேண்டும். கையில் வித்தையுள்ள முதிர்ந்த தொழிலாளியைப் பட்டம் இல்லையென்று வாசலில் நிறுத்தாமல், கற்பிக்கும் முறையில் குறுகிய பயிற்சி கொடுத்து உள்ளே அழைக்க வேண்டும். 2,877 கோடி ரூபாயில் வாங்கிய யந்திரங்கள் சில வருஷங்களில் பழையனவாகிவிடும். நல்ல போதகர் கையில் பழகிய மாணாக்கனோ அடுத்து வரும் யந்திரத்தையும் தானே கற்றுக்கொள்வான்.

சுதந்திர நாட்டில் தொழிலாளி கண்டதைச் செய்யும் கருவியாயிராமல், தான் செய்வது இன்னதென்றும் ஏனென்றும் அறிந்தவனாக இருக்கவேண்டும். அந்த அறிவு அவன் கையின் வழியாகவே அவன் புத்திக்குச் செல்லுகிறது. நமது ஊர்களிலுள்ள தேசத் தொண்டர்கள் தங்களுக்கு அருகிலிருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒரு முறை செல்வார்களாக. கட்டிடத்தையும் யந்திரத்தையும் பார்த்துத் திரும்பாமல், மாணாக்கன் ஒருவனை அழைத்து, “தம்பி, நீ செய்தவற்றில் யாரேனும் உபயோகிக்கும் பொருள் ஏதாவது உண்டா?” என்று கேட்பார்களாக. அவன் பதிலைக் கொண்டு அந்த நிலையத்தை மதிப்பிடலாம்.